கப்பல் வேலையால் வந்த நோய்: இழப்பீடு கேட்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

கப்பலில் கால் ஒடிந்தால் அதற்கு ஒரு தேதி உண்டு, நேரம் உண்டு, லாக் புக்கில் ஒரு வரி உண்டு. டேங்கர் கப்பல்களில் வருடக்கணக்காக டேங்க் கழுவியவருக்கு, ஊருக்கு வந்து செட்டில் ஆன பிறகு ரத்தப் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னால், இதில் ஒன்றுமே கையில் இருக்காது. இழப்பீட்டுச் சட்டங்களோ பெரும்பாலும் விபத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. எந்தத் தேதி, எந்தக் கப்பல், யார் முதலாளி என்றுதான் கேட்கும். இந்த மூன்றுக்கும் காகிதத்தில் பதில் தேடுவதுதான் இந்த வழக்குகளில் முக்கால்வாசி வேலை. வக்கீல் அதற்குப் பிறகுதான்.

இந்திய சி.டி.சி. (கடலோடியின் பணிப் புத்தகம்) வைத்துக்கொண்டு, ஆர்.பி.எஸ்.எல். (கப்பலுக்கு ஆள் எடுக்க அரசு தரும்) உரிமம் பெற்ற ஏஜென்ட் வழியாக வெளிநாட்டுக் கொடிக் கப்பலிலோ இந்தியக் கப்பலிலோ வேலை பார்த்தவர்களையும் அவர்கள் குடும்பத்தையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கடற்படை, மீன்பிடிப் படகு, கப்பல் உடைக்கும் தளம் ஆகியவற்றுக்குச் சட்டப் பாதை வேறு.

படி 1: எந்த நஞ்சு, எந்த வேலை, எந்த நோய்

வழக்குக்கு வரும் நஞ்சுகளில் முக்கியமானவை இரண்டு: பென்சீன், ஆஸ்பெஸ்டாஸ்.

பென்சீன் கச்சா எண்ணெய், பெட்ரோல், நாப்தா, ரிஃபார்மேட் எல்லாவற்றிலும் கலந்திருக்கும். பைகேஸ் என்று டேங்கர்காரர்கள் சொல்லும் பைரோலிசிஸ் கேசோலினில் மிக அதிகம். ஹாட்ச் திறந்து அல்லேஜ் (டேங்கில் சரக்குக்கு மேல் உள்ள காலி இடம்) பார்ப்பது, சாம்பிள் எடுப்பது, ஹோஸ் கழற்றுவது, பம்ப் ரூமில் வேலை, டேங்க் கழுவி கேஸ்-ஃப்ரீ செய்து (உள்ளிருக்கும் வாயுவை வெளியேற்றி), பிறகு உள்ளே இறங்கி வாளியும் துணியுமாக அடி எண்ணெயை அள்ளுவது என, மூச்சிலும் தோலிலும் பென்சீன் ஏறுவது இங்கேதான். பம்ப்மேன், போசன் (டெக் ஆட்களின் மேஸ்திரி), ஏபி, ஓஎஸ் (டெக் மாலுமிகள்), சீஃப் ஆபீசர் ஆகியோருக்குத்தான் பாதிப்பு அதிகம். எலும்பு மஜ்ஜையைத் தாக்கும் இந்த நஞ்சால், ரத்த அணுக்கள் குறைந்துபோகும் அப்ளாஸ்டிக் அனீமியா, மஜ்ஜை பழுதான அணுக்களை உருவாக்கும் எம்.டி.எஸ்., ஏ.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய் ஆகியவை வரலாம். சரக்கில் 0.5 சதவீதமோ அதற்கு மேலோ பென்சீன் இருந்தால் பின்பற்ற வேண்டிய விதிகளை ஐ.நா.வின் கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ. 2003இல் எம்.எஸ்.சி. 1095 என்ற சுற்றறிக்கையில் வெளியிட்டது. அதன்படி எட்டு மணி நேர சராசரி வரம்பு பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது 1 பி.பி.எம்.

ஆஸ்பெஸ்டாஸ் எஞ்சின் ரூம்காரர்களின் நோய். பழைய லேகிங்கை (குழாய்மேல் சுற்றிய வெப்பக் காப்பு உறை) உரிப்பது, கேஸ்கெட்டைச் சுரண்டுவது, வால்வ் பேக்கிங்கைப் பிடுங்குவது என்று ஃபிட்டர், மோட்டார்மேன், வைப்பர், எஞ்சினியர் எல்லோரும் அந்தத் தூசியைச் சுவாசித்திருப்பார்கள். கப்பல் பாதுகாப்புக்கான சர்வதேச சோலாஸ் விதி 2002 ஜூலை 1 முதல் சில விலக்குகளோடும், 2011 ஜனவரி 1 முதல் விலக்கே இல்லாமலும் கப்பலில் புதிதாக ஆஸ்பெஸ்டாஸ் பொருத்துவதைத் தடை செய்தது. ஆனால் ஏற்கெனவே பொருத்தியது அங்கேயே இருக்கும். தடைக்குப் பிறகு கட்டிய கப்பல்களிலும் கேஸ்கெட்டில் அது அகப்பட்டிருக்கிறது. நுரையீரல் உறையில் வரும் மீசோதெலியோமா என்ற புற்றுநோய் வெளிப்பட 20 முதல் 50 ஆண்டுகள்கூட ஆகலாம். 1985இல் ஒன்பது மாதம் எஞ்சின் ரூமில் இருந்தவருக்கு இன்று நெஞ்சில் நீர் கோத்தால், அந்த ஒன்பது மாதத்தை யாராவது விசாரித்தே ஆக வேண்டும்.

தானியக் கப்பலில் பூச்சிக்கு வைக்கும் பாஸ்பீன், பழைய பெயின்ட்டைச் சிப்பிங் செய்யும்போது பறக்கும் ஈயத் தூசி, எஞ்சின் புகை ஆகியவையும் பட்டியலில் உண்டு. கீழே சொல்லும் வழிமுறை அவற்றுக்கும் பொருந்தும்.

படி 2: டாக்டரிடம் முதலில் தொழிலைச் சொல்லுங்கள்

ஆஸ்பத்திரியில் 'வேலை' என்ற கட்டத்தில் பலர் 'பிரைவேட்' என்று எழுதிவிட்டு வந்துவிடுகிறார்கள். பிறகு கம்பெனி அதே கேஸ் ஷீட்டை நீட்டி, கப்பல் என்ற சொல்லே இதில் இல்லையே என்று கேட்கும். முதல் நாளிலேயே என்ன கப்பல், என்ன சரக்கு, என்ன வேலை, எத்தனை வருடம் என்று சொல்லி, அதைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: நோயை உறுதி செய்த பயாப்சி அல்லது எலும்பு மஜ்ஜை அறிக்கை, செல் மரபணு அறிக்கை, சி.டி. ஸ்கேன் படங்கள் (அறிக்கை மட்டும் போதாது), டிஸ்சார்ஜ் சம்மரி. திசு வைத்த பாரஃபின் பிளாக்கை எறிந்துவிட வேண்டாம் என்று பேத்தாலஜி பிரிவுக்கு எழுதிக் கொடுங்கள். மீசோதெலியோமா வழக்கில் மறு ஆய்வு செய்ய அந்தச் சின்ன மெழுகுக் கட்டி வேண்டும். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் டாக்டர் தர வேண்டும், மூன்று ஆண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை சொல்கிறது. அந்த மூன்று ஆண்டு முடியும் முன் கேளுங்கள்.

பலர் யோசிக்காத ஒரு புதையல், அந்தப் பழைய ஜாயினிங் மெடிக்கல்கள். ஒவ்வொரு கான்ட்ராக்டுக்கும் முன்னால், கப்பல் துறைக்கான அரசு அமைப்பான டி.ஜி. ஷிப்பிங் அங்கீகரித்த டாக்டரிடம் ரத்தம் கொடுத்திருப்பீர்கள். அந்த அறிக்கைகளை வரிசையாக அடுக்குங்கள். பிளேட்லெட் முதல் கான்ட்ராக்டில் 2,60,000, மூன்றாவதில் 1,90,000, ஐந்தாவதில் 1,35,000 என்று இறங்கிக்கொண்டே வந்தால் (இது உதாரணம்தான்) அந்த வரிசை ஒரு நிபுணரின் வாய்மொழியைவிடப் பலமானது. மூன்றாவதிலேயே யாரும் ஏன் எச்சரிக்கவில்லை என்ற கேள்வியும் அதிலிருந்தே பிறக்கும். சிறுநீரில் பென்சீனின் அடையாளத்தைத் தேடும் சோதனைகள் வேலை முடிந்த அன்றே செய்தால்தான் பயன். மாதம் கழித்து லேபுக்குப் போய் 'ஒன்றுமில்லை' என்று அறிக்கை வாங்கினால் அது உங்களுக்கு எதிராகத்தான் போகும்.

கடைசியாக, சிகிச்சை பார்க்கும் டாக்டரிடம் ஒரு கருத்துக் கடிதம் கேளுங்கள். 'பென்சீனால்தான் வந்தது' என்று அவர் சத்தியம் செய்யத் தேவையில்லை. 'சொல்லப்பட்ட பணி வரலாற்றைப் பார்க்கும்போது, தொழில்வழி பென்சீன் பாதிப்பு இந்நோய்க்குக் காரணமாகவோ குறிப்பிடத்தக்க பங்களிப்பாகவோ இருக்க வாய்ப்பு அதிகம்' என்ற அளவில் எழுதினால் போதும். சிவில் வழக்கில் நிரூபணம் என்பது அந்த அளவுதான்.

படி 3: பணி வரலாற்றை மறுபடி எழுதுங்கள்

இதுதான் வழக்கின் உயிர். அவசரப்படாமல் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். நோயாளி களைப்பாக இருந்தால் மனைவியோ பிள்ளையோ கேட்டு எழுதட்டும்.

முதலில் சி.டி.சி.யைத் திறந்து ஒவ்வொரு சைன்-ஆன், சைன்-ஆஃப் தேதியையும் கப்பல் பெயரையும் எழுதுங்கள். பெயருக்குப் பக்கத்தில் ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண்ணைக் கட்டாயம் போடுங்கள். கப்பலை விற்றால் பெயர் மாறும், கொடி மாறும், கம்பெனி மாறும். அந்த எண் மட்டும் மாறாது. ஈக்வாசிஸ் என்ற இலவச இணையத் தளத்தில் பதிவு செய்துகொண்டு எண்ணைத் தட்டினால், உரிமையாளர், மேனேஜர், பி அண்ட் ஐ கிளப் (கப்பல் உரிமையாளர்களின் பொறுப்புக் காப்பீட்டுச் சங்கம்) விவரங்கள் கிடைக்கும்.

பிறகு ஒவ்வொரு கப்பலுக்கும் என்ன வேலை செய்தீர்கள் என்று எழுத வேண்டும். 'டேங்க் கிளீனிங் செய்தேன்' என்பது போதாது. இப்படி இருக்க வேண்டும்:

'2014 மார்ச், கடைசி வாரம். சரக்கு பைகேஸ், அடுத்த சரக்குக்காக ஆறு டேங்குகள் கழுவ வேண்டியிருந்தது. போசன், நான், இன்னொரு ஏபி இறங்கினோம். ஒரு டேங்குக்கு நாற்பது நிமிடம் போல. ஃபில்டர் மாஸ்க்தான் கொடுத்தார்கள். காற்று சிலிண்டர் செட் டெக்கில் எமர்ஜென்சிக்கு என்று வைத்திருந்தார்கள். கையுறை துணி, நனைந்துவிட்டது. மேலே வந்ததும் தலை சுற்றியது, போசனுக்கு வாந்தி. டிராகர் டியூப் (காற்றில் நஞ்சின் அளவைக் காட்டும் குழாய்) வைத்துப் பார்த்ததை நான் காணவில்லை.'

இந்தப் பத்தியில் ஒரு வழக்கறிஞருக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது: சரக்கு, கால அளவு, பாதுகாப்புச் சாதனம், உடனடி அறிகுறி, சாட்சி. நினைவில்லாததை நிரப்பாதீர்கள். 'தேதி சரியாக நினைவில்லை, ரமலான் சமயம்' என்று எழுதினாலும் தவறில்லை. அதை வைத்துத் துறைமுகப் பதிவுகளில் தேடிக்கொள்ளலாம்.

கூட வேலை பார்த்தவர்களைத் தேடுங்கள். பழைய வாட்ஸ்அப் குரூப்பில் போசன் இன்னும் இருப்பார். அவர் இப்போதும் அதே கம்பெனியில் இருந்தால் எழுத்தில் தரத் தயங்குவார். ஓய்வு பெற்றவர்கள் தருவார்கள். உங்கள் போனில் உள்ள படங்கள், வாய்ஸ் மெசேஜ்களை அழிக்க வேண்டாம், போனையும் எக்ஸ்சேஞ்சில் போட வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுச் சான்றுக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். அதைத் தர மூலக் கருவி இருப்பது நல்லது.

படி 4: கடிதம் எழுதுங்கள், இன்றே

"லெட்டர்லாம் எதுக்குத் தம்பி, கம்பெனில பேசிக்கலாம்" என்று ஏஜென்ட் சொல்வார். நல்ல மனதோடுகூடச் சொல்லலாம். ஆனால் கடல் மாசு தடுப்புக்கான மார்போல் விதிப்படி ஆயில் ரெக்கார்ட் புக்கையும் கார்கோ ரெக்கார்ட் புக்கையும் கடைசிப் பதிவிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருந்தால் போதும். எந்தத் தேதியில் எந்த டேங்கைக் கழுவினார்கள் என்று சொல்லும் புத்தகங்கள் அவைதான். பேசிக்கொண்டே இருந்தால் அவை பழைய பேப்பராகிவிடும்.

கப்பல் உரிமையாளர், மேனேஜர், இந்திய ஏஜென்ட் மூவருக்கும் ஒரே கடிதம், ஆங்கிலத்தில், ஈமெயிலிலும் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டிலும் போகட்டும். அதில் இரண்டே விஷயம். ஒன்று, இந்த நோய் கண்டறியப்பட்டது, இது பணியால் வந்தது என்று கருதுகிறேன், ஒப்பந்தப்படியும் சட்டப்படியும் உள்ள எல்லா உரிமைகளையும் கோருகிறேன் என்ற அறிவிப்பு. இரண்டு, கீழ்க்காணும் பதிவுகளை அழிக்காமல் வைத்து நகல் தாருங்கள் என்ற கோரிக்கை: மேற்சொன்ன இரண்டு புத்தகங்கள், டேங்க் என்ட்ரி பெர்மிட்டுகள், சரக்கின் பாதுகாப்புத் தரவுத் தாள்கள், கேஸ் மீட்டர் அளவுகளும் கேலிபிரேஷன் பதிவும், வேலை-ஓய்வு நேரப் பதிவு, என் மருத்துவக் கோப்பு. ஆஸ்பெஸ்டாஸ் வழக்கானால் கப்பலின் அபாயப் பொருள் பட்டியலையும் சேருங்கள். கப்பல் உடைப்பு பற்றிய ஹாங்காங் உடன்படிக்கை 2025 ஜூன் 26 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, அதன் கீழ் வரும் புதிய கப்பல்கள் இதை வைத்திருந்தாக வேண்டும்; பழைய கப்பல்களுக்கு 2030 ஜூன் 26 வரை அவகாசம் உண்டு. எந்த ஃபிளாஞ்சில் (குழாய் இணைப்பில்), எந்த பைப்பில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்று கம்பெனியே எழுதி வைத்த காகிதம் அது.

இன்னும் கப்பலில் இருக்கும்போதே உடம்பு சரியில்லை என்றால், ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். துறைமுகத்தில் டாக்டரைப் பார்க்க, நடைமுறையில் முடிந்த இடத்திலெல்லாம், கடலோடிகளின் உரிமைகளுக்கான எம்.எல்.சி. 2006 உடன்படிக்கை உரிமை தருகிறது. கேட்டதை எழுத்தில் கேளுங்கள். 'மெடிக்கல் சைன்-ஆஃப்' என்று போவதற்கும் 'கான்ட்ராக்ட் முடிந்தது' என்று போவதற்கும் பின்னால் லட்சக்கணக்கில் வித்தியாசம் வரும்.

படி 5: ஒப்பந்தத்தைப் படியுங்கள்

வேலை ஒப்பந்தம் இரண்டு பக்கம்தான் இருக்கும். அது குறிப்பிடும் கூட்டு ஒப்பந்தம்தான் கனமானது. நுசி, எம்.யு.ஐ. போன்ற இந்தியக் கடலோடிச் சங்கங்கள் போட்டது அல்லது சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பான ஐ.டி.எஃப். ஏற்றது. சங்கத்தில் கேட்டால் நகல் தருவார்கள்.

அதில் நிரந்தர ஊனம் பற்றிய பிரிவுக்குப் போய் ஒரே சொல்லைத் தேடுங்கள்: 'விபத்தால்' என்று மட்டும் இருக்கிறதா, 'பணி சார்ந்த நோயாலும்' என்று இருக்கிறதா? முதல் வகையானால் ஒப்பந்தத் தொகைக்குச் சண்டை போட வேண்டும். இரண்டாம் வகையானால் ஊனத்தின் சதவீதம்தான் சண்டை. கம்பெனி டாக்டர் ஒரு சதவீதம் சொல்லி, உங்கள் டாக்டர் வேறு சொன்னால், பல கூட்டு ஒப்பந்தங்கள் இரு தரப்பும் சேர்ந்து நியமிக்கும் மூன்றாவது டாக்டரின் முடிவே இறுதி என்கின்றன. உங்கள் டாக்டரின் அறிக்கை கையில் இல்லாமல் அந்தக் கட்டத்துக்குப் போகக் கூடாது.

எம்.எல்.சி.யை இந்தியா 2015 அக்டோபரில் ஏற்றது. அதன்படி சைன்-ஆன் முதல் ஊர் திரும்பும் வரை வரும் நோய்க்கு மட்டுமல்ல, அந்தக் காலத்து வேலையால் வரும் நோய்க்கும் கப்பல் உரிமையாளர் பொறுப்பு. சிகிச்சைச் செலவையும் சம்பளத்தையும் நாட்டுச் சட்டம் வரம்பிட்டாலும் 16 வாரத்துக்குக் குறைக்க முடியாது. ஆனால் ஏற்கெனவே இருந்த நோயை மெடிக்கலில் வேண்டுமென்றே மறைத்திருந்தால் பொறுப்பு போய்விடும். அதனால்தான் கம்பெனி வக்கீல் முதலில் புரட்டுவது நீங்கள் டிக் அடித்த அந்தக் கேள்வித்தாளை.

எந்த நாட்டுச் சட்டம், எந்த ஊரில் ஆர்பிட்ரேஷன் என்ற வரிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த படிக்கு வேண்டும்.

படி 6: எங்கே போவது

முதல் கதவு, ஒப்பந்தத் தொகை. 2017 ஜனவரி 18 முதல் நடைமுறையில் உள்ள எம்.எல்.சி. திருத்தத்தின்படி, மரணத்துக்கும் நீண்டகால ஊனத்துக்குமான ஒப்பந்த இழப்பீட்டுக்கு நிதிப் பாதுகாப்புச் சான்றிதழை எல்லோரும் பார்க்கும்படி கப்பலில் ஒட்டியிருக்க வேண்டும். பெரும்பாலும் பி அண்ட் ஐ கிளப் தந்தது. பொதுவாக பி அண்ட் ஐ கிளப்புகள், உரிமையாளர் முதலில் கொடுக்கட்டும், பிறகு அவருக்கு நாங்கள் கொடுக்கிறோம் என்பார்கள். இந்தச் சான்றிதழ் உள்ள இடத்தில் நீங்கள் நேரடியாக அவர்களிடமே கோரலாம். கப்பலில் இருப்பவர்கள் மெஸ் ரூம் பக்கம் ஒட்டியிருக்கும் அதை இன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.

இரண்டாவது, இந்தியாவில் பதிவான கப்பலானால், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். 1923ஆம் ஆண்டுச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020இன் ஒரு பகுதி. பென்சீனால் வரும் நோய்களும் ஆஸ்பெஸ்டோசிஸும் தொழில்நோய்ப் பட்டியலில் உள்ளன. பென்சீன் இடம்பெறும் பகுதியில், ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதம் வேலை என்பது நிபந்தனை. ஒன்பது மாதக் கான்ட்ராக்ட் போட்டவர்களுக்கு இது சாதகம். குற்றம் யார்மீது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. கிடைக்கும் தொகையும் அதற்கேற்பச் சிறியது. கோர இரண்டு ஆண்டுகள். நியாயமான காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள்.

மூன்றாவது, கப்பலையே பிடிப்பது. 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள அட்மிரால்டி சட்டம், 2017இன் கீழ், கப்பல் இயக்கத்தோடு நேரடித் தொடர்புள்ள உயிரிழப்பு, உடல் காயத்துக்குக் கப்பல்மீது உரிமை உண்டு. சென்னையிலோ எண்ணூரிலோ தூத்துக்குடியிலோ அந்தக் கப்பல் வந்து நின்றால் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து வைக்கலாம். இரண்டு சிக்கல். அந்த மாரிடைம் லீன் (கப்பல்மீதே ஒட்டியிருக்கும் உரிமை) ஓர் ஆண்டில் காலாவதி ஆகும் (சம்பளத்துக்கு இரண்டு ஆண்டு). மெல்ல வந்த நோய் 'காயம்' ஆகுமா என்று எதிர்த்தரப்பு நிச்சயம் வாதிடும். ஆனாலும் சரக்கோடு நிற்கும் கப்பலுக்கு ஒவ்வொரு நாளும் பணம் கரையும் என்பதால், இந்தக் கதவைத் தட்டியதுமே சிலர் பேச வருவார்கள்.

வெளிநாட்டு நீதிமன்றம் பற்றி ஒரு எச்சரிக்கை. 'அமெரிக்காவில் ஜோன்ஸ் சட்டத்தில் கோடிகள்' என்று ஆசை காட்டுபவர்கள் உண்டு. அந்தச் சட்டத்தில் கடலோடிக்கு நிரூபணச் சுமை லேசானது என்பது உண்மை. ஆனால் 1953இல் லாரிட்சன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கப்பலின் கொடி, கடலோடியின் நாடு, ஒப்பந்தம் போட்ட இடம், உரிமையாளரின் நாடு என்று ஒரு பட்டியல் போட்டது. லைபீரியக் கொடி, கிரேக்க உரிமையாளர், மும்பையில் போட்ட ஒப்பந்தம், திருச்செந்தூர்க்காரர் என்றால் அந்தக் கதவு பெரும்பாலும் மூடியது. உரிமையாளர் அமெரிக்காவை மையமாக வைத்துத் தொழில் செய்தால் மட்டும் யோசிக்கலாம்.

பிலிப்பைன்ஸ் நண்பர்கள் சொல்வதையும் அப்படியே எடுக்கக் கூடாது. ஊர் வந்து மூன்று வேலை நாளில் கம்பெனி டாக்டரிடம் போக வேண்டும், பட்டியலில் இல்லாத நோயும் பணியால் வந்ததாக அனுமானிக்கப்படும் என்பதெல்லாம் அவர்கள் அரசின் நிலையான ஒப்பந்தத்தில் உள்ளவை. நம் ஒப்பந்தத்தில் அந்த அனுமானம் இருப்பதாக நினைத்து ஏமாற வேண்டாம். மூன்று நாளில் போய்க் காட்டும் பழக்கத்தை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

இதோடு டி.ஜி. ஷிப்பிங்கில் ஏஜென்ட்மீது புகார். இழப்பீட்டை அவர்கள் நிர்ணயிக்க மாட்டார்கள். ஆனால் உரிமத்தைப் பற்றிய கவலை ஏஜென்டைப் பதில் போட வைக்கும்.

படி 7: கம்பெனி என்ன சொல்லும்

'நீங்கள் புகை பிடிப்பவர்.' மீசோதெலியோமாவுக்கும் புகைக்கும் தொடர்பில்லை; அந்த வாதம் அங்கேயே விழும். நுரையீரல் புற்றுநோயில் புகையும் ஆஸ்பெஸ்டாஸும் சேர்ந்தால் அபாயம் பன்மடங்காகும் என்பது உங்களுக்கே சாதகமாகத் திருப்பக்கூடியது. ரத்தப் புற்றுநோயில் இந்த வாதத்துக்குக் கொஞ்சம் பலம் உண்டு. மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

'எங்கள் கப்பலில் நான்கே மாதம்தான், மற்ற கம்பெனிகளைக் கேளுங்கள்.' எல்லாக் கம்பெனிக்கும் கடிதம் போட வேண்டும் என்பது இதற்காகத்தான். ஒருவரையொருவர் கைகாட்டும்போது, அத்தனை பேரும் ஒரே வழக்கில் இருக்க வேண்டும்.

'டேங்க் கேஸ்-ஃப்ரீ, மீட்டர் பூஜ்யம் காட்டியது, பெர்மிட் இதோ.' மிகவும் கனமாகத் தெரியும் வாதம் இதுதான், உள்ளே வெறும் ஓட்டையும் இதுதான். வழக்கமான நாலு-கேஸ் மீட்டர் எரிவாயுவை எல்.இ.எல்., அதாவது தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவின் சதவீதத்தில் காட்டும். அது தீப்பிடிக்குமா என்பதற்கான அளவு. பென்சீனின் எல்.இ.எல். 1.2 சதவீதம், அதாவது 12,000 பி.பி.எம். அதில் ஒரு சதவீதம் என்றாலே 120 பி.பி.எம். மீட்டரின் கடைசி இலக்கம்கூட அசையாத இடத்தில், 1 பி.பி.எம். வரம்பைப் போல் பல பத்து மடங்கு பென்சீன் இருக்கலாம். பென்சீனை அளக்கத் தனி டியூப்போ அதற்கான கருவியோ வேண்டும். பெர்மிட்டில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால், கம்பெனி நீட்டிய அதே காகிதம் அளக்கவே இல்லை என்பதற்கு உங்கள் சான்று. வக்கீலுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், எழுதிக் கொடுங்கள்.

'பதிவுகள் இல்லை.' ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில் 1995இல் இந்திய உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் உடல்நலப் பதிவை வேலை தொடங்கி 40 ஆண்டு அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்கச் சொன்னது. ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலைகளுக்கான உத்தரவுதான் அது. ஆனாலும் 'இவ்வளவு சீக்கிரம் ஏன் அழித்தீர்கள்' என்று கேட்க ஓர் அளவுகோல்.

படி 8: வக்கீலும் சமரசமும்

கப்பல் வழக்குப் பார்த்த வக்கீல் வேண்டும். ஊரில் மோட்டார் விபத்து வழக்கில் கெட்டிக்காரராக இருப்பவர் போதாது. வெற்றி பெற்றால் இத்தனை சதவீதம் என்று பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதி அனுமதிப்பதில்லை. அப்படிப் பேசும் தரகரிடம் சி.டி.சி. அசலைக் கொடுத்துவிடாதீர்கள்.

பெரும்பாலான வழக்குகள் சமரசத்தில்தான் முடியும். அப்போது ஒரு ரசீதைக் கையில் தருவார்கள். அதில் 'எல்லா உரிமைகளும் இத்துடன் தீர்ந்தன' என்று இருந்தால் நிறுத்துங்கள். ஒப்பந்தத் தொகை உங்களுக்கு ஏற்கெனவே சேர வேண்டியது. அதை முழுமையாக, தாமதமின்றித் தர வேண்டும், குறைத்து வாங்க நெருக்கக் கூடாது என்று எம்.எல்.சி.யே சொல்கிறது. அதன் பின்னிணைப்பில் ஒரு மாதிரி ரசீது இருக்கிறது. அலட்சியத்துக்காகத் தனியாக வழக்குப் போடும் உரிமைக்குப் பாதகமின்றிப் பெற்றுக்கொள்கிறேன் என்ற வாசகம் அதில் உண்டு. அந்த மாதிரியில்தான் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லலாம். பிறகு நீதிமன்றத்தில் ஜெயித்தால் வாங்கிய தொகையைக் கழித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

எல்லா உரிமைக்கும் சேர்த்து ஒரே தொகை என்று பேசினால், எதிர்காலச் சிகிச்சைக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் எழுத்தில் வாங்காமல் உட்காராதீர்கள். மஜ்ஜை மாற்று சிகிச்சை முடிந்த பிறகும் மருந்துச் செலவு வருடக்கணக்கில் ஓடும். நோயாளி இறந்துவிட்டிருந்தால் நாமினி ஒருவர் கையெழுத்து போதாது. வாரிசுகள் எல்லோரையும் சேர்க்கச் சொல்வார்கள், அந்தச் சான்றிதழுக்கு முன்பே விண்ணப்பித்து வையுங்கள். பணம் ஏஜென்ட் கணக்குக்கு வந்து அங்கிருந்து உங்களுக்கு என்ற ஏற்பாட்டை ஏற்காமல், நேராக உங்கள் கணக்குக்கு என்று ரசீதிலேயே எண்ணோடு எழுதச் சொல்லுங்கள்.